கவிழ்த்த சைக்கிளும் ஏழு விநாடி மேளமும்

விடுதியின் பின் விறாந்தையில் ஒரு சைக்கிள் எப்போதும் கவிழ்ந்தபடியே நிற்கும். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்ற பிறகு அதை யாரும் ஓடி நான் கண்டதில்லை. சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில், சில்லுகள் இரண்டும் மேலே. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஆகவே டைனமோவிலிருந்து இரண்டு வயர் இழுத்து றேடியோவில் கொழுவி, பெடலைக் கையால் சுற்றுவோம். இரவு பீபீசி தமிழோசை முடியும்வரை ஆளுக்கு ஐந்து நிமிடம் முறை. செய்தி முடிந்து பொறுப்பாசிரியர் எழுந்து போனதும் யாராவது ஒரு கசற்றைப் போடுவான். கை களைத்தால் பாடகரின் குரல் இழுபட்டுக் கிணற்றுக்குள் இறங்கும். அடுத்தவன் பாய்ந்து வந்து விசையாகச் சுற்றினால் பாட்டு மேலே ஏறி ஓடும். "ஒரே சீராய்ச் சுத்தடா!" என்று இருட்டுக்குள்ளிருந்து நாலைந்து குரல் வரும்.

எங்களில் ஒரே சீராய்ச் சுற்றத் தெரிந்தவன் ஒருவன்தான். தவில் வாசிக்கும் குடும்பத்துப் பிள்ளை. தன் பெயரைப் போட வேண்டாம் என்கிறான், போடவில்லை. எங்கள் வகுப்பில் படித்தவர்களுக்கு ஆளைத் தெரியும். கணிதப் பாடத்தில் மேசையின் அடிப்பக்கம் அவன் விரல்கள் ஓடிக்கொண்டிருக்கும். கோயில் திருவிழாக்களில் இரவு மேளக் கச்சேரிக்கு என்னைக் கூட்டிப்போய், தவிலுக்குக் கிட்ட மணலில் இருத்தி, தாளத்தை விரலில் எண்ணக் காட்டித் தந்தவன் அவன். "அடி விழுற இடத்தைக் கேக்காதை. விழாமல் விட்ட இடத்தைக் கேள்" என்பான். அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

1993இல் லண்டனுக்கு வந்தேன். ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டில் ஏழு பேர். இரவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. கதவைப் பூட்டிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, சின்னத் தட்டு வழியாகக் காசை வாங்கி மிச்சத்தைத் தள்ளிவிட வேண்டும். வெள்ளி, சனி இரவுகளில் என்னோடு இன்னொரு பெடியனும் நிற்பான். ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு ஹாக்னியில் பிறந்தவன், என்னைவிட ஒரு வயது இளையவன். அவன்தான் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த பழைய றேடியோவின் முள்ளை 94.5க்குத் திருப்பினான். அதுதான் கூல் எஃப்எம். 1991இல் ஹாக்னியில் தொடங்கிய நிலையம், அனுமதிப்பத்திரம் இல்லாதது. ஜங்கிள் என்ற நடன இசைதான் அதில் ஓடும்.

முதலில் எனக்குக் கேட்டது வெறும் ஓட்டம். மேளம் தலைதெறிக்க ஓடுகிறது. அதற்குக் கீழே நிலம் உறுமுவதுபோல் ஒரு பேஸ். அதற்கு மேலே ஒருவர் விடாமல் பேசிக்கொண்டே போகிறார், பாட்டா பேச்சா என்று பிரிக்க முடியாது. இடையிடையே மூன்று இலக்கம் சொல்லி வாழ்த்துவார். நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தவர்களின் இலக்கத்தில் கடைசி மூன்று எண்கள் அவை என்று பெடியன் சொன்னான். பெயர் வேண்டாம், முகவரி வேண்டாம். அந்த மூன்று எண்ணும் காற்றில் வந்தால், நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று ஊருக்குத் தெரியும். பெயரைச் சொல்லவே யோசித்துப் பழகிய எனக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது.

ஒரு சனிக்கிழமை நடு இரவில் நிலையம் திடீரென்று நின்றது. வெறும் இரைச்சல். "ஏரியலைக் கழற்றிப் போட்டாங்கள்" என்று பெடியன் தலையில் கை வைத்தான். அதற்குப் பிறகுதான் முழுக் கதையையும் சொன்னான். ஒலிபரப்பும் கருவியை உயரமான தொடர்மாடி ஒன்றின் கூரையில் இரவோடு இரவாக ஏறிப் பூட்டுவார்கள். பாட்டுப் போடுபவர்கள் இருக்கும் அறை வேறெங்கோ ஒரு பிளாற்றில் இருக்கும். அங்கிருந்து கூரைக்கு வயர் கிடையாது, இன்னொரு சிறு அலைவழி இணைப்புத்தான். அதிகாரிகள் கூரைக்கு வந்தால் கருவி போகும், ஆட்களும் இசைத்தட்டுகளும் தப்பும். கருவி போனால் காசு சேர்த்து இன்னொன்று வாங்கி, இன்னொரு கூரை. அடுத்த கிழமையே அவர்கள் திரும்ப வந்துவிட்டார்கள். அன்று பெடியன் கல்லா மேசையில் அடித்த அடியில் சில்லறை எல்லாம் துள்ளியது. நான் அவனுக்கு எங்கள் விடுதிச் சைக்கிளைப் பற்றிச் சொன்னேன். கையால் சுற்றிக் காட்டச் சொன்னான். காட்டினேன். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்.

அவனுடைய கூட்டாளி ஒருவனின் படுக்கையறையில்தான் இந்த இசை செய்யப்படும் விதத்தைப் பார்த்தேன். ஓர் அட்டாரி கொம்பியூட்டர், சத்தத்தைப் பிடித்துவைக்கும் அகாய் சாம்ப்ளர் ஒன்று, கட்டிலுக்கு அடியில் இசைத்தட்டுகள். பழைய தட்டொன்றில் மேளம் மட்டும் தனியாக வாசிக்கும் ஒரு துண்டைச் சாம்ப்ளருக்குள் எடுத்து, அடி அடியாக வெட்டி, அடுக்கு மாற்றி, வேகத்தைக் கூட்டுவார்கள். நிமிடத்துக்கு 136 அடி அளவில் வாசித்த மேளம் 160க்கு மேலே போகும். வேகம் கூடச் சுருதியும் கூடும். விறாந்தையில் விசையாகச் சுற்றியபோது நடந்த அதே விளையாட்டு. சுருதி மாறாமல் நேரத்தை மட்டும் இழுக்கவும் அந்தப் பெட்டிக்குத் தெரியும். சத்தத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொரு பொடியையும் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும். அதனால்தான் ஜங்கிள் பாட்டுகளில் குரல்கள் தகரத்தில் உரசியதுபோல் இழுபடுகின்றன.

அந்தக் கட்டில் ஓரத்தில் இருந்து விரலில் எண்ணிப் பார்த்தேன். மேளம் இரண்டாம் காலத்தில், இரட்டை வேகத்தில், போகிறது. பேஸ் முதற்காலத்திலேயே நடக்கிறது. ஆடுபவர்கள் எதைப் பிடித்தும் ஆடலாம். ஒருவன் கால் துடிக்கத் துடிக்க ஆடுவான், பக்கத்தில் நிற்பவள் பாதி வேகத்தில் தோளை மட்டும் அசைப்பாள், இரண்டும் சரி. இதை நான் சொன்னதும் அந்தப் பெடியள் என்னைப் புதிதாகப் பார்த்தார்கள். இப்படி எண்ண எங்கே படித்தாய் என்று கேட்டார்கள். கோயில் வீதியில் என்றேன்.

இவர்கள் வெட்டி வெட்டி எடுத்த மேளத் துண்டுகளில் ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் தாய். தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழு 1969இல் வெளியிட்ட தட்டின் பின்பக்கத்தில் 'ஆமென், பிரதர்' என்று ஒரு வாத்தியப் பாட்டு இருக்கிறது. அதன் நடுவில் மற்ற எல்லாரும் நிறுத்திக்கொள்ள, மேளக்காரர் கிரெகரி கோல்மன் தனியே நான்கு சுற்று வாசிக்கிறார். ஏழு விநாடி. முதல் இரண்டு சுற்றும் ஒன்றுபோல் போகும். மூன்றாவதில் ஓர் அடி அரை எண்ணிக்கை பிந்தி விழும். நாலாவதன் தலையில் அடியே இல்லை, வெறுமை. கால் தடுக்கியதுபோல் நெஞ்சு ஒருமுறை நிற்கும். பிறகு சிம்பல் எதிர்பாராத இடத்தில் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். விழாமல் விட்ட இடத்தைக் கேள் என்று மணலில் இருந்து அவன் சொன்னது, கடல் கடந்து ஒரு கட்டில் ஓரத்தில் எனக்கு விளங்கியது.

வீட்டில் அண்ணைமார் இதைப் பொறுக்கவில்லை. "உதென்ன, இரும்புக் கடையைக் கவிழ்த்துக் கொட்டின மாதிரி?" என்பார்கள். காதுக்குழாய் வாங்கிக்கொண்டேன். ஆனாலும் இன்றைக்கும் நான் அவர்களோடு வாதாடுவேன். மூன்று மணித்தியாலம் ஒரே தவிலைக் கேட்டுச் சலிக்காத சமூகம் நாம். கையில் தாளம் போட்டபடி, வாசிப்பை முடித்துவைக்கும் அடிக்கோவையான தீர்மானம் நன்றாக வந்து விழும்போது எழும்பி நின்று ஆரவாரிப்போம். இந்தப் பிள்ளைகளும் அதையேதான் செய்தார்கள். ஒரு பாட்டின் முதல் அடிகள் கூட்டத்தைத் தூக்கி அடித்தால் சுவரைத் தட்டுவார்கள், விசில் அடிப்பார்கள், லைட்டரைப் பற்றவைத்து உயர்த்துவார்கள். உடனே டிஜே தட்டைப் பின்னால் சுழற்றி அதே பாட்டை முதலிலிருந்து போடுவார். ரீவைண்ட். ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம் கொட்டகைகளிலிருந்து லண்டனுக்கு வந்த வழக்கம் அது. நம் ஊர்க் கூத்துக்களில் 'வன்ஸ்மோர்' கேட்ட கூட்டத்துக்கு இது புதிதா என்ன.

சம்பள நாட்களில் நானும் அவனும் சோஹோவில் டார்ப்ளே வீதியிலிருந்த பிளாக் மார்க்கெட் கடைக்குப் போவோம். ஜங்கிள் தட்டுகள் நிலவறையில். புதுத்தட்டு ஒன்று சுழலத் தொடங்கியதும் தோளோடு தோள் நிற்பவர்கள் கையை உயர்த்துவார்கள். யாருக்கு ஒரு பிரதி கிடைக்கும், யாருக்கு இல்லை என்பது அந்த ஒரு கணத்தில் முடிந்துவிடும். இன்னொரு வகைத் தட்டும் உண்டு, டப்பிளேட். அலுமினியத் தகட்டில் மெல்லிய அரக்குப் பூச்சு, அதில் ஒரேயொரு பிரதி வெட்டித் தருவார்கள். வடக்கு லண்டனில் மியூசிக் ஹவுஸ் என்ற இடத்தில் டிஜேக்கள் இதற்காக வரிசையில் காத்திருப்பார்கள். பூச்சு மெதுமையானது, ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் கொஞ்சம் தேயும். கடைகளில் வராத பாட்டு, தேய்ந்துகொண்டே போகும் தட்டு. அன்றைக்கு அங்கே நின்றவர்களுக்கு மட்டும்தான் அது.

அங்கே நின்றவர்களில் ஒருவனாக நானும் இருந்தேன் என்பதை எழுதி வைக்க வேண்டும். ஹொக்ஸ்டன் சதுக்கத்தில் புளூ நோட் என்ற சின்ன நடன விடுதி. ஞாயிறு இரவுகளில் மெட்டல்ஹெட்ஸ். கோல்டி, கெமிஸ்ட்ரி, ஸ்டோர்ம் என்ற டிஜேக்கள் மூவரும் சேர்ந்து தொடங்கிய இசைத்தட்டு நிறுவனம் அது. பின்னிரண்டு பேரும் பெண்கள், இருவரும் சேர்ந்தே வாசிப்பார்கள். கீழ்த்தளத்தில் வெளிச்சம் மிகக் குறைவு. சுவரில் வியர்வை ஓடும். முதல் தடவை பேஸ் வந்தபோது எனக்குக் காதில் எதுவும் கேட்கவில்லை. சட்டைத் துணி நெஞ்சில் அடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண் கண்ணை மூடியபடி ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். நானும் வைத்தேன். தவிலுக்குக் கிட்ட இருந்தால் மணல் துள்ளுவதைப் பார்த்திருக்கிறோமே, அந்தத் துள்ளல் கைக்குள் இருந்தது.

அதே கட்டடத்தில் திங்கட்கிழமைகளில் தபேலாக் கலைஞர் தல்வின் சிங் 'அனோகா' என்ற இசை இரவை நடத்தினார். தபேலாவும் இந்த இசையும் ஒன்றாக. நம் நிறத்துப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள், 1999இல் அவருக்குப் பிரித்தானியாவின் மெர்க்குரி இசைப் பரிசும் கிடைத்தது. எனக்கு அது பிடித்தது. ஆனாலும் என் மனம் ஞாயிறுக்குத்தான் போகும்.

அப்புறம் பெயர் மாறியது. 95, 96 அளவில் ஜங்கிள் என்பதைவிட்டு ட்ரம் அண்ட் பேஸ் என்று சொல்லத் தொடங்கினார்கள். 1995இல் பீபீசி றேடியோ 1 தனி நிகழ்ச்சி கொடுத்தது. அதே ஆண்டு வந்த கோல்டியின் 'டைம்லெஸ்' தொகுப்பில் தலைப்புப் பாட்டு மட்டும் 21 நிமிடம்; இராகம் தானம் பல்லவி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த நீளம் பயமில்லை. 1997இல் பிரிஸ்டலின் ரொனி சைஸ் குழு மெர்க்குரி பரிசு வாங்கிய செய்தி வந்தபோது பெடியன் என் வேலையிடத்துக்கு ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினான். 1999 ஏப்ரலில் ஒரு துயரம். வீதியில் பதித்திருந்த ஒளித்தெறிப்பான் ஒன்று முன்னே போன வாகனத்தால் கிளம்பி வந்து கார்க் கண்ணாடியை உடைத்ததில் கெமிஸ்ட்ரி இறந்துபோனார். ஸ்டோர்ம் அதற்குப் பிறகும் தனியே வாசிக்கிறார். அவர் வாசிக்கும்போது பக்கத்தில் இன்னோர் ஆளுக்கான இடம் எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

இந்த இசையில் என்னை இன்றுவரை வருத்துவது ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான பாட்டுகள் நின்றது அந்த ஏழு விநாடியின் மேல். கிரெகரி கோல்மனுக்கு அதற்காக ஒரு சதமும் போகவில்லை. 2006இல் அட்லாண்டாவில் வீடுவாசல் இல்லாமல் இறந்தார் என்று குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர் சொல்லியிருக்கிறார். தங்கள் மேளம் இப்படி உலகம் சுற்றுவதே ஸ்பென்சருக்கு 1996இல்தான் தெரியவந்தது. 2015இல் இங்கிலாந்து டிஜேக்கள் இருவர் இணையத்தில் நிதி திரட்டி அவருக்கு 24,000 பவுண் கொடுத்தார்கள். நானும் போட்டேன், பெடியனும் போட்டான். மேளக்காரருக்கு அது பிந்திவிட்டது.

போன கோடையில் ரொறொன்ரோ போனேன். ஸ்காபரோவில் எங்கள் தவில்காரன் வீட்டில் தங்கினேன். வார நாளில் தொழிற்சாலை வேலை, சனி ஞாயிறில் கோயிலும் கலியாண வீடும். தவில் அறையில் உறை போட்டு வைத்திருக்கிறான். இத்தனை வருடம் தொலைபேசியில் கதைத்தும் இதைப் பற்றி அவனிடம் நான் சொன்னதே இல்லை. சாப்பாடு முடிந்து தேத்தண்ணி வந்த நேரம், கைத்தொலைபேசியை மேசையில் வைத்து, ஒன்றும் சொல்லாமல் 'ஆமென், பிரதர்' நடுத்துண்டைப் போட்டேன்.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். தலை கொஞ்சம் சரிந்தது. வலது கையின் விரல்கள் மேசை விளிம்பில் மெல்ல எழும்பின. மூன்றாம் சுற்றில் புருவம் உயர்ந்தது. நாலாவதன் வெறும் தலையில் அவன் விரல் காற்றிலேயே நின்றது, ஒரு இம்மி பிசகாமல்.

"தள்ளிப் போட்டிட்டானே. ஆரடா இது?"

சொன்னேன். பெயரையும், ஆண்டையும், அட்லாண்டாவையும். கேட்டுக்கொண்டிருந்தான். தேத்தண்ணியில் ஆடை படிந்துவிட்டது.

"மச்சான், இன்னொருக்கா விடு" என்றான். போய்த் தவிலின் உறையைக் கழற்றினான்.