குறுவைக்கு ஒரு தவணை, சம்பாவுக்கு ஒரு தவணை

விவாகரத்து வழக்கு சமரச மையத்துக்குப் போனால் எப்படியாவது சேர்த்து வைக்கத்தான் பார்ப்பார்கள் என்று திருவையாற்றில் சொந்தக்காரர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். குடும்பநல நீதிமன்றம் முதலில் சமாதானத்துக்கு முயல வேண்டும் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டமே சொல்வதும் உண்மைதான். ஆனால் தஞ்சாவூரில் எங்களுக்கு அமைந்த சமரசர், சேர்ந்து வாழ வழியுண்டா என்று கேட்டார். இருவருமே இல்லை என்றோம். சரி, எப்படிப் பிரிவது என்று பேசலாம் என்றார். கட்டணம் எதுவும் வாங்கவில்லை.

நகைப் பேச்சு வந்ததும் என் அண்ணனும் என் கணவருடைய சித்தப்பாவும் குரலை உயர்த்தினார்கள். சமரசர் பெரியவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். பாதி வழக்கு அப்போதே முடிந்தது என்பேன். பிறகு எங்களிடம் தனித்தனியாகப் பேசினார். நான் சொல்வதை என் சம்மதமில்லாமல் அந்தப் பக்கம் சொல்ல மாட்டார் என்று அவர் உறுதி கொடுத்த பிறகுதான், நகையைவிடப் பையனின் படிப்புச் செலவுதான் என் கவலை என்று வாய் திறந்தேன்.

என் கணவருக்கு மாதச் சம்பளம் இல்லை, மன்னார்குடிப் பக்கம் நெல் விவசாயம். மாதாமாதம் இவ்வளவு என்று உத்தரவு வாங்கியிருந்தால் சீக்கிரமே நிலுவை, அப்புறம் இன்னொரு மனு, மறுபடி வாய்தா. பேசியதில் வேறு வழி பிறந்தது. குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் ஏறியதும் சின்னத் தவணை. சம்பா முடிந்து மாசியில் பெரியது. மேட்டூர் திறக்காமல் குறுவை போனால் அது சம்பாவோடு சேரும். விவாகரத்து ஒப்பந்தத்தில் மேட்டூர் அணையை எழுதியது நாங்களாகத்தான் இருக்கும்! பையன் என்னோடு, தீபாவளி இங்கே, பொங்கல் அங்கே.

பரஸ்பர சம்மத மனுவுக்கு ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. பிரிந்து ஒன்றரை வருடத்துக்கு மேலாகியிருந்ததால், 2017ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டித் தளர்த்தக் கேட்டோம், கிடைத்தது.

அமெரிக்காவின் மினசோட்டாவில் 1990இல் ஸ்டூவர்ட் வெப் என்ற வக்கீல் விவாகரத்துக்கு ஒரு முறையைத் தொடங்கினாராம். பேச்சு முறிந்து கோர்ட்டுக்குப் போனால் இருதரப்பு வக்கீல்களும் விலகிவிட வேண்டும். என் வக்கீலம்மா சொன்னார். எங்கள் வழக்கில் அது இருந்திருந்தால் எதிர்த்தரப்பு அத்தனை வாய்தா வாங்கியிருக்காது.

அடி, மிரட்டல் இருந்த வீடென்றால் ஒரே அறையில் உட்கார ஒப்புக்கொள்ளாதீர்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள். கையெழுத்துக்கு முன்னால், தவணை தவறினால் என்ன என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.