செந்தூலிலிருந்து செத்தாப்பாக்குக்கு, ஆடிக்கு முன்னால்

வாடகை வீடு மாறுகிறோம், இரண்டும் கோலாலம்பூருக்குள்தான், செந்தூலில் இருந்து செத்தாப்பாக் ஒன்றும் தூரமில்லை. சாலை காலியாக இருந்தால் கால் மணி நேரம், மாலையில் ஜாலான் கெந்திங் கிளாங் அடைத்துக்கொண்டால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். வீட்டில் எல்லாரும் அந்தக் கால் மணி நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள், இப்போது எனக்கு அதுதான் தலைவலி. ஈப்போவுக்கோ ஜொகூருக்கோ மாறுவதாக இருந்தால் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள், லோரி சொல்லி, ஒரே நாளில் ஏற்றி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருப்போம். "என் வேன் சும்மாதானேடா நிக்குது, வேலை முடிஞ்சு வந்து தினம் ரெண்டு பெட்டி ஏத்துனா ஒரு மாசத்துல முடிஞ்சிடும்லா, எதுக்கு லோரிக்குக் காசு" என்கிறார் மாமா.

நல்ல மனசுதான். ஆனால் அப்படி மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். துணி, பாத்திரம், புத்தகம் எல்லாம் சுலபமாகப் போய்விடும். அலமாரி, கட்டில், பிரிட்ஜ், வாஷிங் மெஷின் நிற்கும், கடைசியில் அதற்கு லோரி கூப்பிட்டே ஆகவேண்டும், லோரிக்காரர் பாதி வண்டிக்கும் முழுக் கூலிதான் கேட்பார். அதுவரை இரண்டு வீடும் வீடாக இருக்காது, தோசைக்கல் இங்கே, கரண்டி அங்கே. பழைய வீட்டில் ஏதாவது மிச்சம் இருக்கும்வரை அந்த வீட்டை விட்டதாகவே ஆகாது. அதனால் ஒரே நாள், ஒரே லோரி, 3 டன் லோரி என்று முடிவு செய்துவிட்டேன்.

இன்னொன்று, போவது அடுக்குமாடி கொண்டோவுக்கு. இப்போது இருக்கும் டெரஸ் வரிசை வீடு மாதிரி நினைத்த நேரத்தில் கேட்டைத் திறந்து சாமான் இறக்க முடியாது. மேனேஜ்மெண்ட் ஆபீசில் முன்கூட்டியே படிவம் நிரப்பி, டெப்போசிட் கட்டி, சாமான் லிப்டை நேரம் சொல்லி வாங்க வேண்டும். எங்கள் இடத்தில் வார நாள் என்றால் 9 முதல் 5 வரை, சனிக்கிழமை மதியம் 1 மணியோடு சரி, ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையவே கிடையாது. லோரி எண்ணைக்கூட முதலிலேயே கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் காவலுக்கு நிற்கும் ஜாகா வாசலிலேயே நிறுத்திவிடுவார். தினமும் ராத்திரி இரண்டு பெட்டியோடு மாமா வேன் போய் நின்றால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வீடு மாற நாள் குறிப்பது நாம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், உண்மையில் அந்த லிப்டுதான் குறிக்கிறது. முதலில் லிப்ட், பிறகு லோரி, பிறகுதான் ஆபீசில் லீவு.

அம்மாவுக்கு இந்த வரிசை பிடிக்கவில்லை. அவர் கணக்கில் முதலில் பஞ்சாங்கம். ஆடியில் வீடு மாறக்கூடாது, ஆடி ஜூலை நடுவில் பிறந்துவிடும். எங்கள் ஒப்பந்தத்தில் இரண்டு மாத நோட்டீஸ் என்று இருக்கிறது, ஆக ஜூன் கடைசியில் போகவேண்டும் என்றால் ஏப்ரல் முடிவதற்குள் வீட்டுக்காரருக்கு எழுத்தில் சொல்லியாகவேண்டும், வாட்ஸ்அப்பில் சொன்னாலும் ஒரு கடிதமும் கொடுத்துவிடுவது நல்லது. அதற்கும் முன்பே புது வீடு கையில் இருக்கவேண்டும். இப்படிப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்ததில் உருப்படியாக ஒரு அட்டவணை கிடைத்தது, அந்த வகையில் ஆடிக்கு நன்றி. ஜூன், ஜூலையில் கோலாலம்பூரில் மழையும் கொஞ்சம் குறைவு. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் கொட்டும் மழையில் மெத்தையை இறக்குவதை நினைத்துப் பாருங்கள்.

நாள் சரி, நேரம்? அம்மாவின் தினசரி காலண்டரில் சனிக்கிழமை ராகு காலம் 9 முதல் 10.30 வரை. அது சூரியன் 6 மணிக்கு உதிக்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு. இங்கே 7 மணி வாக்கில்தான் சூரியனே எட்டிப் பார்க்கிறது, 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தையே அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததும் அதற்கு ஒரு காரணம். கோயிலில் கேட்டால் உதயத்திலிருந்து எண்ணச் சொல்கிறார்கள், அப்படி எண்ணினால் ஜூன் மாதத்தில் சனிக்கிழமை ராகு காலம் 10 மணிக்கு மேல் தொடங்கி 11.40 வாக்கில்தான் முடியும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் பார்த்தால் 9 முதல் 11.40 வரை போச்சு, லிப்டோ 1 மணிக்கு மூடிவிடும். மிச்சமிருக்கும் நேரத்தில் ஒரு வீட்டுச் சாமானை ஏற்ற எந்த ஆளாலும் முடியாது.

இதற்கு மனைவி சொன்ன வழிதான் சரியாக வந்தது. பால் காய்ச்சுவது வேறு, சாமான் ஏற்றுவது வேறு. சாவி கிடைத்த வாரத்தில் ஒரு நல்ல நாள் பார்த்து, விடியற்காலையில் சாமி படம், விளக்கு, நிறைகுடம், உப்பு, அரிசி, பருப்போடு போய்ப் பால் காய்ச்சிவிட்டால் வீடு புகுந்தாயிற்று. அதற்கு லிப்ட் புக்கிங் வேண்டாம், யாரிடமும் படிவம் நிரப்ப வேண்டாம். லோரி வார நாளிலேயே வரட்டும், அம்மாவும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பு. பால் பொங்கி வழிந்தால்தான் அம்மாவுக்குத் திருப்தி, வழிந்தால் அந்த அடுப்பு பட்டென்று அணைந்துவிடும், ஆகவே அன்றைக்கு மட்டும் சின்ன கேஸ் கேன் அடுப்பு.

காசு விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் லோரிக் கூலியைப் பற்றியே பேசுகிறார்கள், அது சின்னச் செலவு. வாடகை 1,600 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாத டெப்போசிட் 3,200, தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாதம் 800, முதல் மாத வாடகை 1,600, ஆக மொத்தம் 5,600 வெள்ளியைக் கட்டின பிறகுதான் சாவி. பழைய வீட்டு டெப்போசிட் நாம் காலி செய்து, வீட்டுக்காரர் வந்து பார்த்து, கடைசி பில்லெல்லாம் கழித்த பிறகுதான் வரும், அதாவது நமக்குத் தேவைப்படும் நேரத்தில் நம் பணம் அவரிடம் இருக்கும். அந்த இடைவெளிக்குத்தான் சேர்த்து வைக்கவேண்டும். வாடகை ஒரு வாரம் இரண்டு பக்கமும் ஓடினாலும் பரவாயில்லை என்பது என் கருத்து. அந்த வாரத்தில் கழுவுவது, இணையம் போடுவது, பால் காய்ச்சுவது எல்லாம் முடியும், ஆனால் சாமான் மட்டும் ஒன்றும் போகக்கூடாது. காலி வீட்டைச் சுவர், குழாய், மீட்டர் என்று போட்டோ எடுத்து வைப்பதும் அப்போதுதான் நடக்கும், சாமான் வந்தபின் எந்தக் கீறல் யாருடையது என்று யார் சொல்வது? ஒப்பந்தத்துக்கு 30 நாளுக்குள் முத்திரை வரி கட்டிவிடுங்கள், முத்திரை இல்லாத தாளை வைத்துக்கொண்டு கோர்ட்டில் ஒன்றும் பேச முடியாது.

வீடு தேடிய கதையை எழுதினால் கோபம்தான் வரும். எத்தனை பேர் இருக்கிறீர்கள், என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால் இந்தியரா என்று கேட்கிறார்கள், ஆமாம் என்றதும் வீடு போய்விட்டது என்கிறார்கள், மறுவாரம் அதே வீடு அதே விளம்பரத்தில் இருக்கிறது. நம்மில் வீடு தேடிய எல்லாருக்கும் இது தெரிந்ததுதான், விடுவோம்.

எங்களுக்குச் செத்தாப்பாக்கில், வங்சா மாஜு எல்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கிடைத்ததில் மனைவிக்குச் சந்தோஷம். செந்தூலில் கொமுட்டர் ரயிலுக்கு நேரம் பார்த்து ஓடவேண்டும், இங்கே ஏறி உட்கார்ந்தால் நேராக கேஎல் சென்ட்ரல். பையன் மட்டும் வருட முடிவுவரை செந்தூலில் உள்ள தமிழ்ப்பள்ளியிலேயே படிப்பான், வேன்காரரிடம் பேசியாகிவிட்டது.

கழிக்கவேண்டிய சாமானை இப்போதே கழிக்கத் தொடங்கிவிட்டோம். கோலாலம்பூர் டெரஸ் வீடுகளில் வாரத்துக்கு ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள் எடுக்க வரும்போது பழைய மேசை, மெத்தை மாதிரிப் பெரிய சாமானையும் எடுத்துப் போகிறார்கள், கொண்டோவுக்குப் போய்விட்டால் இந்த வசதி எப்படி இருக்குமோ. அதனால் வாரா வாரம் ஒன்றிரண்டாக வாசலில் வைக்கிறோம். அம்மா வைத்ததில் சிலதை அவரே மறுபடி உள்ளே எடுத்து வருகிறார். அம்மி வருகிறது, அதில் பேச்சுக்கே இடமில்லை. பின்னால் தரையில் வளர்ந்து நிற்கும் கறிவேப்பிலை மரம் வராது, பக்கத்தில் முளைத்த கன்றுகளைத் தொட்டிக்கு மாற்றியிருக்கிறேன், மாமா வேனில் அவைதான் வரப்போகின்றன.

மைகார்டில் (அடையாள அட்டையில்) முகவரியை 30 நாளுக்குள் மாற்றவேண்டும், ஒரே ஊர்தானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஓட்டுப் போடும் தொகுதியை வேறாக மாற்றவேண்டும், அது தானாக மாறாது.

பாக்கி இருப்பது கேஸ் தோங் (சிலிண்டர்) மட்டும்தான். இண்டக்‌ஷனில் அம்மா சமைக்கமாட்டார், மேனேஜ்மெண்ட் ஆபீசில் இரண்டு பேர் இரண்டு பதில் சொல்கிறார்கள். வங்சா மாஜு, செத்தாப்பாக் பக்கம் கொண்டோவில் இருப்பவர்கள் யாராவது 14 கிலோ தோங்கை மேலே கொண்டுபோக விடுகிறார்களா, எந்தக் கடையில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.