இடுப்பில் சுற்றிக் காயவைத்த துணி

தென்கொரியாவின் சூவோன் நகருக்கு வந்த முதல் குளிர்காலத்தில் மகள் பிறந்தாள். அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்துப் பார்சலில் அனுப்பியிருந்தாள். துவைத்து பால்கனியில் போட்டால் அப்பளம் மாதிரி விறைத்து நின்றன. அன்று பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

எதிர்வீட்டு ஹல்மொனி, அதாவது பாட்டி, தினமும் கடற்பாசி சூப் கொண்டுவருவார். பிள்ளை பெற்றவளுக்கு இங்கே அதுதான் பத்தியம். "பாசியா? பிள்ளைக்குச் சளி கட்டுமே!" என்று போனில் அம்மா. "இன்னும் ஒரு கிண்ணம்?" என்று ஹல்மொனி. இரண்டு பேருக்கும் சரி சரி என்றேன்.

விறைத்த துணியைத் தொட்டுப் பார்த்த ஹல்மொனி, "ஜப்பானியரை எதிர்த்துச் சிறைக்குப் போன யூ குவான்-சுன், அங்கே பிள்ளைத் துணியை இடுப்பில் சுற்றித்தான் காயவைத்தாளாம்" என்றார்.

வசந்தம் வந்ததும் மகளோடு சியோலில் அவள் இருந்த சோடேமுன் சிறையைப் பார்க்கப் போனேன். இப்போது அது அருங்காட்சியகம். பெண்கள் சிறையில் எட்டாம் எண் அறை. 1919இல் ஜப்பானிய ஆட்சியை எதிர்த்து 'மான்செ', அதாவது 'வாழ்க', என்று முழங்கிய பெண்களை அங்கேதான் நெருக்கி அடைத்திருக்கிறார்கள். அவர்களில் கிம் ஹ்யாங்-ஹ்வா எங்கள் சூவோன்காரர். ஆடல் பாடல் தொழிலில் இருந்த கிசேங் பெண்களைத் திரட்டி, போலீஸ் நிலையத்துக்கு எதிரிலேயே கோஷம் போட்டவர். பாஜு ஊரில் போராடிய இம் மியோங்-ஏ பிடிபட்டபோது கர்ப்பிணி. பிரசவத்துக்கு வெளியே விட்டார்கள். அப்புறம் பச்சைப் பிள்ளையோடு திரும்ப அடைத்தார்கள். குளிர்காலம் வேறு. அந்தப் பிள்ளையின் ஈரத் துணியைத்தான் யூ குவான்-சுன் தன் உடம்புச் சூட்டில் உலர்த்தினாளாம். அவுனே சந்தைப் போராட்டத்தில் அப்பா அம்மா இருவரையும் ஒரே நாளில் பறிகொடுத்தவள். 1920 செப்டம்பர் 28 அன்று அதே சிறையில் இறந்தபோது வயது 17. அறை வாசலில் நின்றவளுக்கு, மகளைத் தோளிலிருந்து இறக்க மனம் வரவில்லை.

இப்போது எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. டிரையர் இருக்கிறது, கடற்பாசி சூப்பை நானே வைக்கிறேன். ஆனாலும் டிரையரிலிருந்து சூடாகத் துணி எடுக்கும்போதெல்லாம் ஐப்பசி மழைதான் ஞாபகம் வருகிறது. தம்பி பிறந்தபோது, சாம்பிராணிப் புகைக்கு மேல் கூடையைக் கவிழ்த்து அம்மா அவன் துணிகளை உலர்த்துவாள். கூடையைத் தொட்டால் கைக்கு இதமாக இருக்கும்.

சிறைக் கதையை அம்மாவிடம் போனில் சொன்னேன். வெகுநேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டாள்: "அந்தப் பிள்ளையை வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்ட விட்டாங்களா?"