ரஸ்க் என்றால் முறுக்கு

ரஸ்க்கில் வளைவு நெளிவு எதுவும் கிடையாது; வெட்டிய துண்டு, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல் பிறந்தது வளையத்தில். ஸ்பானிஷிலும் போர்ச்சுகீசிலும் ‘ரோஸ்கா’ என்றால் முறுக்கியது, சுருண்டது. வளையமாகச் சுட்ட ரொட்டியும் ரோஸ்கா, திருகாணியின் மரையும் ரோஸ்கா. 1590களில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, கப்பலில் கெடாமல் இருக்க மறுபடி சுட்டு உலர்த்திய ரொட்டிக்கு அது பெயரானது. முறுக்கு போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

மற்ற மொழிகள் பல, வடிவத்தை விட்டுச் செய்முறையைப் பிடித்துக்கொண்டன. லத்தீனில் ‘பிஸ்’ என்றால் இருமுறை, ‘கோக்டுஸ்’ என்றால் வெந்தது. இத்தாலிய பிஸ்கோட்டி, பிரெஞ்சு பிஸ்கோத், நம் பிஸ்கட் எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஜெர்மானியர் அதையே தங்கள் சொல்லில் ‘ட்ஸ்வீபாக்’ என்றார்கள். ரஷ்ய ‘சுகாரி’க்கு எத்தனை முறை சுட்டார்கள் என்ற கணக்கில்லை, காய்ந்தது என்பதே பொருள். ஆங்கிலேயரும் 18ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலும் ‘பிஸ்கெட்’ என்றே எழுதினார்கள். இன்றைய எழுத்துக்கூட்டு பிரெஞ்சைப் பார்த்துப் பின்னால் ஒட்டிக்கொண்டது. அதனால் தமிழில் யாராவது பிஸ்கெட் என்று எழுதினால் திருத்தப் போகாதீர்கள். இன்றைய பிஸ்கட்டோ பெரும்பாலும் ஒரே முறைதான் அடுப்புக்குள் போகிறது. அந்தப் பெயருக்கு உண்மையாக நடப்பது ரஸ்க்தான்.

ஏன் இருமுறை? முதல் சூடு வேகவைக்க, இரண்டாவது உலர்த்த. இரண்டையும் ஒரே சூட்டில் முடிக்கப் பார்த்தால் மேல்தோல் கருகும், நடு ஈரமாகவே கிடக்கும்.

ரொட்டியை 180 டிகிரி செல்சியஸில் 35 நிமிடம் போல் சுட்டு எடுத்து, ஓர் இரவு ஆறவிட வேண்டும். ஆறும்போதுதான் ஸ்டார்ச் இறுகும். சூட்டோடு கத்தி வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டிப் பிய்ந்துவிடும். மறுநாள் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில், எல்லாத் துண்டும் ஒரே அளவாக வெட்டுங்கள். கனம் மாறினால் ஒன்று கருகும்போது இன்னொன்று பச்சையாக நிற்கும். பிறகு 130 டிகிரியில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு. அவசரப்பட்டு 180க்கு ஏற்றினால் வெளியே பொன்னிறம் வந்து ஏமாற்றும். உள்ளே மிஞ்சிய ஈரம் டப்பாவுக்குள் மெல்ல வெளியே பரவி, இரண்டே நாளில் எல்லாவற்றையும் நமத்துப்போகச் செய்துவிடும். அடுப்பை அணைத்ததும் கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்து உள்ளேயே ஆறவிட்டால் மிச்ச நீராவியும் போய்விடும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே டப்பாவில் அடைப்பது அத்தனை வேலையையும் கெடுக்கும்.

நன்றாக ஆறிய ஒன்றை நடுவில் உடைத்துப் பாருங்கள். சட்டென்று முறிந்தால் சரி. வளைந்து பிய்ந்தால் எல்லாவற்றையும் அதே 130இல் இன்னும் 10 நிமிடம் வைக்கலாம்.