11,999 மீன்கள் தூங்கிவிட்டன

சனிக்கிழமை ராத்திரி அக்கா மகளுக்குச் சமத் பெஹ்ராங்கியின் 'சின்னக் கறுப்பு மீன்' கதையைச் சொன்னேன். 1968இல் ஈரானில் வந்த படப் புத்தகம். ஓடை எங்கே முடிகிறது என்று பார்க்கக் கிளம்பும் ஒரு பொடி மீன். அம்மா தடுக்கிறாள், ஊரே திட்டுகிறது.

எனக்குப் பிடித்தது அந்தப் பெலிக்கன் பறவை வரும் கட்டம்தான். அதன் அலகுப் பைக்குள் மாட்டிய குட்டி மீன்களிடம், கறுப்பு மீனைக் கொன்றால் விட்டுவிடுகிறேன் என்கிறது. அதுகளும் கொல்லக் கிளம்பிவிடுகின்றன! கறுப்பு மீன் செத்ததுபோல் நடிக்க, பெலிக்கன் குட்டிகளை அப்படியே விழுங்குகிறது. ஈரான் மன்னர் ஷாவின் ஆட்சியில் இதைப் படித்த பெரியவர்களுக்குப் பெலிக்கன் யாரென்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், புத்தகத்தை வெளியிட்ட கானூன் என்ற சிறுவர் நிறுவனமே ராணி ஃபராவின் ஆதரவில் நடந்தது. அதே ஆண்டு பெஹ்ராங்கி அராஸ் ஆற்றில் மூழ்கி இறந்தார். உளவுத்துறை சவாக்கின் வேலை என்றே பலர் நம்பினார்கள்.

புத்தகத்தில் இதையெல்லாம் சொல்வது ஒரு பாட்டி மீன். கதையைக் கேட்ட 12,000 மீன்களில் 11,999 தூங்கப்போகின்றன. ஒரு சிவப்பு மீனுக்கு மட்டும் தூக்கமில்லை. அதைச் சொல்வதற்குள் இவளும் தூங்கிவிட்டாள்.

சரி, மறந்திருப்பாள் என்றிருந்தேன். மறுநாள் கோட்டூர்புரம் பாலத்தில் பஸ் நின்றபோது அடையாற்றை எட்டிப் பார்த்தாள்.

"சித்தி, இந்தத் தண்ணியில அது எப்படிப் போகும்?"