ஓடைக்கு எந்தப் பக்கம் பிறந்தாய்?

இங்கிலாந்தில், டெர்பி நகரிலிருந்து வந்த பேருந்தை விட்டு ஆஷ்போர்னில் இறங்கினால், கடைத்தெரு முழுக்கப் பலகை அடித்து மூடிக்கொண்டிருந்தார்கள். புயல் ஏதும் வருகிறதா என்று கேட்டேன். ஆணி அடித்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, "பந்து வருகிறது" என்றார்.

1257-இல் சந்தை நடத்த உரிமை வாங்கிய சின்ன ஊர். மற்ற நாளில் வந்தால் புனித ஆஸ்வால்ட் தேவாலயத்தின் 212 அடி கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, இஞ்சி மணக்கும் ஜிஞ்சர்பிரெட் தின்று, மாலையில் கிளம்பிவிடலாம். தவக்காலத்துக்கு முந்தின செவ்வாயும் சாம்பல் புதனும் மட்டும் ஷ்ரோவ்டைட் கால்பந்துக்கு ஊரே மைதானம். ஹென்மோர் ஓடைக்கு வடக்கே பிறந்தவர்கள் அப்பர்ட்ஸ், தெற்கே பிறந்தவர்கள் டவுனர்ட்ஸ். கோல் இரண்டும் பழைய மாவாலைகள் இருந்த இடத்தில், 3 மைல் இடைவெளியில். எதிரணியின் கோலில் அல்ல, தங்கள் பக்கத்துக் கோலில்தான் பந்தைச் சேர்க்க வேண்டும். இது எனக்குப் பிடிபடவே அரை மணி நேரம் ஆனது.

நான் தங்கிய வீடு தெற்கே. அப்படியென்றால் நானும் டவுனர்ட்ஸ்தானே என்றேன். "படுத்துத் தூங்கினால் போதாது, பிறந்திருக்க வேண்டும்" என்றார் வீட்டுக்கார அம்மா.

மதியம் 2 மணிக்கு ஷா கிராஃப்ட் கார் நிறுத்துமிடத்து மேடையிலிருந்து பந்தை வீசினார்கள். 1928-இல் வேல்ஸ் இளவரசர் வந்து வீசிய பிறகுதான் ஆட்டத்தின் பெயரில் 'ராயல்' ஒட்டிக்கொண்டதாம். உள்ளே தக்கை அடைத்து, மேலே வண்ணம் தீட்டிய தோல் பந்து. நான் பார்த்தது ஒரே நொடி. அப்புறம் கூட்டம் மூடிக்கொண்டது. அந்த நெரிசலுக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் 'ஹக்', கட்டிப்பிடிப்பு! நூற்றுக்கணக்கான முதுகுகள், அவற்றின் மேல் எழும் ஆவி. அரை மணி நேரம் அசையவில்லை. சலித்துப்போய்ச் சிப்ஸ் வாங்கப் போனேன். அந்த நேரம் பார்த்துத்தானா கூட்டம் உடைய வேண்டும்! யாரோ ஒரு பாட்டி என் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தார். ஆட்டக்காரர்கள் அப்படியே ஓடையில் குதித்தார்கள். பிப்ரவரிக் குளிர், இடுப்பளவு தண்ணீர். சிப்ஸ் எங்கே போயிற்று என்று தெரியாது.

விதிகள் கொஞ்சம்தான். கொலை கூடாது (முதல் விதியே இதுதான்!). பந்தை வண்டியில் ஏற்றக் கூடாது, கோட்டுக்குள் ஒளிக்கக் கூடாது, கல்லறைத் தோட்டத்துக்குள் போகக் கூடாது. ஓடையில் நின்று பந்தைத் தங்கள் கோலில் இருக்கும் ஆலைக்கல்லில் மூன்று முறை தட்டினால் கோல். தட்டியவருக்கே பந்து சொந்தம். எந்தப் பரிசுப் பணத்தைவிடவும் எனக்கு இது பிடித்திருந்தது.

இரவு திரும்பியபோது, வீட்டுக்கார அம்மா மகனின் சேற்றுச் சட்டையை அலசிக்கொண்டிருந்தார். யார் ஜெயித்தது என்று கேட்டேன்.

"நாளைக்கும் ஆட்டம் இருக்கிறது" என்றார், நிமிராமல்.