கிணத்தடி மண்

செப்டெம்பர் 3
மிதிவெடி தேடுற மெசினின்ர அடியிலை பூட்டுற கம்பி சுத்தின தட்டு, கொயில், மூண்டும் வந்திட்டுது. சின்னது 6 அங்குலம், நடுவான் 11, பெரிசு 15. மாங்குளம் பக்கத்துக் கிரவல் மண்ணிலை எது சரிவரும் எண்டு எங்கட ரீம்தான் பாத்துச் சொல்லவேணும். பெரிசைக் கையிலை தூக்கின உடனை எனக்கு எங்கட வளவு ஞாபகம் வந்தது. ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை.

செப்டெம்பர் 4
இரவு முழுக்க அம்மாவுக்கு நித்திரை இல்லை. இடது பக்கம் விழுந்து கிடக்குது. வலது கை மட்டும் தையல் மெசின் சில்லைச் சுத்திற மாதிரிச் சுத்திக்கொண்டே இருக்கு.

செப்டெம்பர் 6
இண்டைக்குத்தான் ஒழுங்காப் பாத்தம். சோதனைத் துண்டுகளை 5, 10, 15 சென்ரிமீற்றர் ஆழத்திலை தாட்டு வைச்சிருக்கினம். முதல் பெரிசு. பத்து நிமிசத்திலை தோள் இழுக்கத் தொடங்கிட்டுது. பாரத்தையும் தாங்கலாம், அது எங்கை வைச்சாலும் கத்துறதைத்தான் தாங்கேலாது. கிரவலின்ர சிவப்பே இரும்புக் கறள்தானே. கொயில் பெரிசாக ஆக ஒரே தரத்திலை பாக்கிற மண்ணும் கூடுது. அந்த மண்ணின்ர இரைச்சலுக்குள்ளை சின்னத் துண்டின்ர சத்தம் அமிஞ்சு போகுது.

சின்னது நல்ல பிள்ளை. ரவைக் கோதுக்கு நாலு விரல் தள்ளி வைச்ச ஊசியைத் தனியாப் பிரிச்சுக் காட்டிச்சுது. ஆனால் 15 சென்ரிமீற்றருக்குக் கீழை அதுக்குக் கண் தெரியாது. ஒரு லேனை முடிக்க எத்தினை வீச்சு வீசோணும் எண்டு நினைக்கவே கை ஓயுது.

நடுவான் டபுள் டி. ரெண்டு டி எழுத்தின்ர நேர்ப் பக்கங்களைக் கொஞ்சம் ஒண்டுக்கு மேலை ஒண்டா ஏத்திவைச்ச மாதிரிக் கம்பி சுத்தியிருக்கு. வட்டக் கொயில் புனல் மாதிரி மண்ணைப் பாக்கும், இது கத்தி மாதிரி நடுவாலை ஒரு கீலத்தை மட்டும் பாக்கும். அதாலை மண்ணின்ர கத்தல் குறைவு. என்ர வாக்கு நடுவானுக்குத்தான்.

சுப்பவைசர் அண்ணைக்கு ஒண்டு விளங்கவேணும். மிதிவெடி வயலிலை நாங்கள் ஒரு சத்தத்தையும் விடேலாது. ஆணியெண்டாலும் முழங்காலிலை இருந்து கிண்டித்தான் பாக்கோணும். பிழையான கொயிலைத் தந்தால் ஒரு மீற்றருக்கு ஒரு பிள்ளை பத்துத் தரம் முழங்காலிலை இருப்பாள். களைச்ச கைதான் பிழை விடும்.

செப்டெம்பர் 7
அம்மா: "முழங்காலளவுதான் பிள்ளை, கொப்பர் அவசரத்திலை கிண்டினவர்."

செப்டெம்பர் 9
இண்டைக்கு இடுப்பளவாம்.

செப்டெம்பர் 12
முழங்கால் எண்டால் 15 அங்குலக் கொயிலுக்கு எட்டும். அம்மாவின்ர தையல் மெசின், வார்ப்பிரும்பு, அவ்வளவு பெரிய தலை, கத்தாமல் விடாது. இடுப்பெண்டால் இந்தக் கிரவலிலை எட்டாது. கறள் பிடிச்சு உப்பிப் போயிருக்குமோ? கிறீஸ் தடவி, பொலித்தீன் சுத்தி, அதுக்கு மேலை ரெண்டு உரப்பை போட்டவர் எண்டுறா. மேசையைத் தூக்கேலாமல் விட்டிட்டு வந்தது. 2009 தை மாதம். அப்பா குழியை மூடிப்போட்டு மேலை வாழைச்சருகு பரப்பினதை நான் கண்டனான். குழி எந்தப் பக்கம் எண்டு மட்டும் என்ர தலைக்குள்ளை இல்லை. அப்பாவைக் கேட்க அப்பா இல்லை. 2011இலை விசுவமடுவுக்குத் திரும்பி வரேக்கை வீடுமில்லை, தென்னையுமில்லை, கிணத்துக் கட்டு மட்டும் நிண்டது.

வேலை மெசினை வளவுக்குக் கொண்டுபோறது பற்றிக் கனவிலையும் நினைக்கக்கூடாது. தங்கம் தேடி ஸ்கானரோட வந்து பிடிபடுறவையின்ர கதை மாதத்துக்கு ஒண்டு வருது. நாங்கள் தேடுறது தங்கமில்லை எண்டு ஆர் நம்பப்போயினம்.

செப்டெம்பர் 15
மழை இல்லை. வெக்கை. முழங்கால் வீங்கியிருக்கு.

செப்டெம்பர் 19
பக்கத்து வளவிலை மலசலகூடத்துக்குக் குழி வெட்டேக்கை வெடிக்காத செல் ஒண்டு வந்திருக்கு. பொலிசுக்கு அறிவிச்சு, ஆமி வந்து எடுத்துக்கொண்டு போட்டினம். எல்லாரும் பயந்துபோய் நிக்க, எனக்குள்ளை வேறை ஒண்டு ஓடிச்சுது. அதை எழுதவே வெக்கமாக் கிடக்கு. இனி சுத்துவட்டாரமெல்லாம் ஆழமாப் பாக்கோணும் எல்லோ? எங்கட வளவும் அதுக்குள்ளைதானே?

செப்டெம்பர் 20
ஆழத்துக்குப் பாக்கிறது கொயில் இல்லை, பெரிய வளையம். மீற்றருக்கு மீற்றர் சட்டம், ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு நடப்பினம். அது ஆணி, கோது, செல் சிதறல் ஒண்டையும் கணக்கெடுக்காது. அடியிலை கிடக்கிற பெரிய இரும்பைத்தான் சொல்லும். இத்தினை நாளா 15ஐயே நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன். இடுப்பளவெண்டாலும் பரவாயில்லை இப்ப.

செப்டெம்பர் 26
எங்கட வளவு பாக்க வாற திகதி சொல்லேல்லை.

ஒக்டோபர் 1
திகதி சொல்லேல்லை. அண்ணையிட்டைக் கேட்டால், "2028 யூனுக்கு முதல் முடிக்கோணும் பிள்ளை, எல்லா இடத்திலும்தான் அவசரம்" எண்டுறார். இலங்கை 2017இலை மிதிவெடியைத் தடைசெய்யிற ஒட்டாவா ஒப்பந்தத்திலை சேந்ததாலை வந்த கெடு. எனக்குத் தெரியாததே. அம்மாவுக்கும் கெடு இருக்கெண்டு சொல்ல வாய் வந்தது, அடக்கிப்போட்டன்.

நடுவான் கொயில்தான் எண்டு முடிவாச்சு. கேபிளைத் தண்டிலை இறுக்கிச் சுத்தோணும், கிரவலிலையிருந்து வெள்ளை மணலுக்கு மாறினால் திரும்ப மண்ணுக்குச் சமப்படுத்தோணும் எண்டு புதுப் பிள்ளையளுக்குக் காட்டிக் குடுத்தனான். கொயிலை நிலத்துக்குக் கிட்ட உயர்த்தித் தாழ்த்தி, சத்தம் அடங்குமட்டும். ஒரு பிள்ளைக்குக் கை நடுங்கிச்சுது. வேலைக்கு வந்த முதல் மாதம் எனக்கும் நடுங்கினதுதான்.

ஒக்டோபர் 8
அம்மா சாப்பிடேல்லை.

ஒக்டோபர் 9
நாலு கரண்டி கஞ்சி. "கிணத்தடியிலை நிண்டு பாத்தால் அடுப்படி தெரியும், அதுக்கு நேரை" எண்டு சொன்னா. இப்பிடிச் சொன்னது இதுதான் முதல் தரம். அடுப்படி எங்கை இருந்தது? கிணத்துக் கட்டிலை நிண்டு கண்ணை மூடிப் பாத்தன். புகை மணம் வந்த பக்கம் நினைவு வருது. அதுவும் காத்து மாறினால் பிழைச்சுப் போகும்.

ஒக்டோபர் 15
வருகினமாம், 21ஆம் திகதி. மழைக்கு முதல் வந்தாக் காணும்.

ஒக்டோபர் 21
காலமை எட்டுக்கே வந்திட்டினம். எனக்கு லீவு தரேல்லை. அண்ணை ரெண்டு மணித்தியாலம் விட்டவர். வேலிக்கு வெளியிலை நிண்டு பாத்தன். மேற்கு மூலையிலை ஒண்டுமில்லை. பழைய பங்கர் கிடந்த பக்கம் ஒரு சத்தம், கிண்டினால் தகரம். பிறகு கிணத்தாலை ஏழெட்டு அடியிலை சத்தம். நாலு திசையாலையும் நடந்து பாத்தினம், நாலு தரமும் அதே இடம். சிவப்புக் கொடி நட்டினம். ரீம் லீடர் என்ர முகத்தைப் பாத்து, "என்ன பிள்ளை?" எண்டு கேட்டார். ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டன். செல்லாகவும் இருக்கலாம். அவையள் அப்பிடித்தான் நினைச்சுக் கிண்டுவினம், அதுதான் முறை.

அரை அடி கிண்டேக்கை மழை பிடிச்சிட்டுது. குழிக்கு மேலை தறப்பாள். நாளைக்கு.

ஒக்டோபர் 22
மழை விடேல்லை. விடியப்புறம் அம்மாவுக்கு மூச்சு இழுக்குது, ஓட்டோவுக்குச் சொல்லியாச்சு. தம்பியை வளவிலை நிப்பாட்டியிருக்கு.